கடன் வாங்கிக் காணியா, கையில் இருக்கும் ஈ.பி.எப். பணமா?

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள், இளைஞர்களுக்காகச் சங்கம் நடத்திய ஞாயிறு வகுப்பில் ஆற்றிய உரை)



இன்றைய வகுப்பு சம்பளப் பேச்சுவார்த்தை பற்றியது அல்ல. கைக்கு வந்த சம்பளத்திலும், கைக்கு வராமல் நம்முடைய பெயரில் சேரும் பணத்திலும் நாம் எதைக் கட்டி எழுப்பப் போகிறோம் என்பது பற்றியது.

இப்போது லயத்திலும் மலையிலும் ஒரே பேச்சு. “ஈ.பி.எப். பணம் கிடந்து என்ன பிரயோசனம்? லோன் போட்டு டவுனில் ஒரு துண்டு காணி வாங்கிப் போட்டால், பத்து வருஷத்தில் கூடையைக் கீழே வைத்துவிடலாமே” என்கிறார்கள். கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளும், வெளிநாட்டில் உழைத்துவிட்டு வந்த அக்காமாரும் இதைத்தான் கேட்கிறார்கள். தவணைக்குக் காணி விற்பவர்களின் நோட்டீஸ் பஸ் தரிப்பிடம் வரைக்கும் வந்துவிட்டது.

இந்தக் கேள்வியைக் கேட்பவரை யாரும் சிரித்து ஒதுக்கக் கூடாது. அறுபது வயது வரைக்கும் மழையிலும் அட்டைக்கடியிலும் நிற்காமல், உடம்பில் தெம்பு இருக்கும்போதே சொந்தக் காலில் நிற்க நினைப்பது நியாயமான ஆசை. நம்முடைய முன்னோர் நான்கு ஐந்து தலைமுறையாக அடுத்தவன் நிலத்தில் அடுத்தவன் கட்டிய காம்பராவில் இருந்தவர்கள். நிலம் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு மனசு இளகுகிறது. அந்த இளக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிடாமல், முதலில் கணக்குப் போடுவோம்.

நம்முடைய பெயரில் என்ன சேருகிறது?

ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எப்., 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி வந்தது. நம்முடைய சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கிறார்கள். அதற்கு மேல் கம்பனி தன் கையில் இருந்து 12 வீதம் போட வேண்டும். 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு, அதாவது ஈ.டி.எப்.புக்கு, கம்பனி மட்டும் 3 வீதம் போட வேண்டும். அதில் நம்முடைய பணம் ஒரு சதமும் பிடிபடாது.

2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் 20 பேர் கிடைத்தால் 27,000 ரூபா. நம்மிடம் பிடிப்பது 2,160 ரூபா. கம்பனி போடுவது 3,240 ரூபா. இரண்டும் சேர்ந்து மாதம் 5,400 ரூபா நம்முடைய கணக்கில் விழ வேண்டும். ஈ.டி.எப். 810 ரூபா தனி. நாம் ஒரு ரூபா போட்டால் கம்பனி ஒன்றரை ரூபா போடுகிறது. வேறு எந்தச் சீட்டிலும், எந்தச் சேமிப்பிலும் அந்த இலாபம் கிடையாது. பிடித்த பணத்தை மட்டும் பார்த்து “நம்ம காசைப் பிடிக்கிறான்” என்று சொல்பவர்கள் அந்த 3,240 ரூபாவை மறந்துவிடுகிறார்கள்.

மாதம் 5,400 ரூபா, ஆண்டுக்கு 9 வீத வட்டி, சம்பளம் ஏறவே இல்லை என்று வைத்துக் கணக்குப் போட்டால், 10 ஆண்டில் ஏறத்தாழ 9 இலட்சத்து 80 ஆயிரம் வரும். 20 ஆண்டில் 33 இலட்சம். 30 ஆண்டில் 88 இலட்சம். கடைசிப் பத்து ஆண்டில் மட்டும் 55 இலட்சம் கூடுவதைக் கவனியுங்கள். வட்டிக்கு வட்டி வளர்வதன் பலன் கடைசியில்தான் தெரியும். இடையில் பிடுங்கிய கன்றில் கொழுந்து பார்க்க முடியாது. உங்கள் வீட்டில் சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால், கூட்டு வட்டிப் பாடத்தை எடுத்து இந்தக் கணக்கைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இதோடு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடை இருக்கிறது. ஐந்து ஆண்டு சேவை முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம். 30 ஆண்டுக்கு அந்த 1,350 ரூபா சம்பளத்தில் 5 இலட்சத்து 67 ஆயிரம் ரூபா.

இதன் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்வோம். 30 ஆண்டுக்குப் பிறகு வரும் 88 இலட்சம் இன்றைய 88 இலட்சம் அல்ல. விலைவாசி ஆண்டுக்கு 6 வீதம் ஏறினால் அது இன்றைய 15 இலட்சத்துக்குத்தான் சமம். சம்பளம் ஏற ஏற இந்தத் தொகையும் கூடும், ஆனால் ஈ.பி.எப். மட்டும் நம்மை முழுசாக விடுதலை செய்துவிடும் என்று சொன்னால் அது பொய். அதனால்தான் காணிப் பேச்சு எடுபடுகிறது. அதையும் கணக்குப் போடுவோம்.

கடன் என்பது அலவாங்கு

கையால் அசைக்க முடியாத பாறையை அலவாங்கு போட்டு நெம்பினால் அது அசையும். கடனும் அப்படித்தான். உங்களிடம் 5 இலட்சம் இருக்கிறது. 10 இலட்சம் கடன் எடுத்து 15 இலட்சத்துக்குக் காணி வாங்குகிறீர்கள். காணி விலை 20 வீதம் ஏறி 18 இலட்சம் ஆனால், கடன் 10 இலட்சத்தைக் கழித்து உங்கள் பங்கு 8 இலட்சம். 5 இலட்சம் 8 இலட்சமாகிவிட்டது, அதாவது 60 வீத இலாபம். காணி விற்பவர் இதோடு பேச்சை நிறுத்திவிடுவார்.

நாம் தொடர்ந்து பேசுவோம். அதே காணியை அவசரத்துக்கு விற்க வேண்டி வந்து 20 வீதம் குறைவாக, 12 இலட்சத்துக்குத்தான் போகிறது என்றால் உங்கள் பங்கு 2 இலட்சம். 60 வீதம் போய்விட்டது. அலவாங்கு வழுக்கினால் அது விழுவது நம்முடைய காலில்தான்.

இந்தக் கணக்கில் இன்னும் வட்டியைச் சேர்க்கவில்லை. 10 இலட்சத்தை 18 வீத வட்டிக்கு 10 ஆண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 18,000 ரூபா. முடிவில் கட்டியிருப்பது 21 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல். முதல் ஆண்டில் வட்டி மட்டும் ஒன்றே முக்கால் இலட்சம். அந்த ஆண்டில் 15 இலட்சக் காணி 12 வீதம் விலை ஏறினால்தான் வட்டிக்குச் சரிக்குச் சரி. அதற்கு மேல் ஏறுவதுதான் இலாபம். விலை ஏறினாலும், விற்கும் வரைக்கும் அது கைக்கு வராது. தவணை மட்டும் மாதா மாதம் வரும்.

இப்போது தவணையைச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். 20 பேர் கிடைத்த மாதம் ஈ.பி.எப். போகக் கையில் 24,840 ரூபா. தவணை 18,000 போனால் மிச்சம் 6,840 ரூபா. கொழுந்து இல்லாத மாதத்தில் 12 பேர்தான் கிடைக்கும் என்றால் கைக்கு வருவது 14,904 ரூபா. தவணைக்கே போதாது. கடன் எடுக்கும்போது எல்லோரும் நல்ல மாதத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். வங்கியும் அந்த மாதத்துச் சம்பளச் சிட்டையைத்தான் கேட்கிறது. நாம் பன்னிரண்டு பேர் மாதத்தை வைத்துப் போட வேண்டும்.

அறை கட்டி வாடகைக்கு விட்டால் வாடகையே தவணையைக் கட்டிவிடாதா என்று தம்பிமார் கேட்பார்கள். அந்தப் பத்து இலட்சத்தில், சொந்தக் காணியில் இரண்டு அறை கட்டி, மாதம் 12,000 ரூபா வாடகை வருகிறது என்று வைப்போம். தவணைக்கு இன்னும் 6,000 ரூபா சம்பளத்தில் இருந்து போட வேண்டும். ஒரு மாதம் அறை காலியாக இருந்தால் 18,000 ரூபாவும் நம்முடைய தலையில். கூரை ஒழுகினாலும் குழாய் உடைந்தாலும் செலவு நமக்குத்தான். தவணையைத் தாண்டி வாடகை வந்தால் மட்டுமே அது நமக்குச் சோறு போடும். இல்லாவிட்டால் நாம் அதற்குச் சோறு போட வேண்டும்.

2022 சொல்லித் தந்த பாடம்

இரண்டு பக்கத்துக்கும் 2022ஆம் ஆண்டு பாடம் சொன்னது. அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம் வரைக்கும் போனது. அந்த ஆண்டுக்கு ஈ.பி.எப். கொடுத்த வட்டி 9 வீதம். மாவும் பருப்பும் விலை ஏறிய வேகத்தில் நம்முடைய சேமிப்பின் பெறுமதி கரைந்தது. அடுத்த ஆண்டு, 2023க்கு 13 வீதம் கொடுத்தார்கள், ஆனால் கரைந்தது திரும்பி வரவில்லை. அந்த 2023இலேயே உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று சொல்லி, நிதியத்தின் கையில் இருந்த திறைசேரி முறிகளை மாற்றினார்கள். தொழிற்சங்கங்கள் எதிர்த்தும் அது நடந்தது. நிதியத்தில் போட்ட பணம் பத்திரமாகத் தூங்குகிறது என்று நாமும் தூங்க முடியாது.

காணி வைத்திருந்தவர்களுக்குப் பெறுமதி அப்படிக் கரையவில்லை என்பதும் உண்மை. நிலையான வட்டிக்குக் கடன் எடுத்திருந்தவர் பிழைத்துக்கொண்டார், ஏனென்றால் தவணை அதே தொகை. ஆனால் மாறும் வட்டிக்கு எடுத்தவர் நிலை வேறு. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 வீதப் புள்ளி ஏற்றியது. ஆண்டு முடிவில், வங்கிகள் தங்களுடைய மிகச் சிறந்த வாடிக்கையாளரிடம் வாங்கிய வட்டியே 25 வீதத்தைத் தாண்டி நின்றது. நாம் சொன்ன 10 இலட்சக் கடனுக்கு வட்டி 18இல் இருந்து 24 வீதம் ஆனால், தவணை 18,000இல் இருந்து 22,000 ஆகும். சம்பளம் ஏறாத காலத்தில் அந்த 4,000 ரூபாவுக்கு எங்கே போவது? தோட்டு அடகுக்குப் போகும், அதற்குப் பிறகு நுண்கடன் வரும், அதற்குப் பக்கத்து வீட்டு அக்கா பிணை நிற்பார். ஒரு வீட்டுத் தவணை தவறினால் ஒரு லயமே முகம் பார்த்துப் பேசாமல் போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இரண்டும் தனித்தனி அல்ல

காணி ஒரு பக்கம், ஈ.பி.எப். ஒரு பக்கம் என்று பேசுகிறோம். உண்மையில் ஒன்றை ஒன்று தின்னக்கூடியது. ஈ.பி.எப். பணத்தை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓய்வு பெறும் குறைந்த வயது 60 ஆனாலும் இந்த வயதுகள் மாறவில்லை. அதற்கு முன் பணத்தைத் தொட வேறு வழிகளும் இருக்கின்றன.

முதலாவது, 30 வீதத்தை எடுப்பது. பத்து ஆண்டுக்கு மேல் பணம் கட்டியவர், கணக்கில் குறைந்தது 3 இலட்சம் இருந்தால், வீட்டுத் தேவைக்கோ வைத்தியத்துக்கோ எடுக்கலாம். 35 வயதுத் தங்கை ஒருவருக்கு 10 இலட்சம் இருந்து 3 இலட்சத்தை எடுக்கிறார் என்று வைப்போம். அந்தப் பணம் 9 வீதத்தில் அங்கேயே இருந்தால் அவரது 50 வயதில் ஏறத்தாழ 10 இலட்சத்து 90 ஆயிரம் ஆகியிருக்கும். எடுப்பது மூன்று, விடுவது பதினொன்று. வெறும் காணித் துண்டு வாங்கிப் போட இதைச் செய்வது நட்டம். ஆனால் குடியிருக்க வீடு கட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் 18 வீதத்துக்கு வெளியில் கடன் எடுக்க வேண்டும் என்ற நிலை என்றால், 9 வீதம் வளரும் சொந்தப் பணத்தை முதலில் எடுப்பதே மலிவு.

இரண்டாவது, ஈ.பி.எப். மீதியில் 75 வீதம் வரைக்கும் பிணையாகக் காட்டி, அங்கீகரித்த வங்கிகளில் வீட்டுக் கடன் எடுப்பது. தவணை தவறினால் வங்கிக்குப் போவது நம்முடைய ஈ.பி.எப். பணம். வயதான காலத்தில் படிவத்தை நிரப்பிக்கொண்டு போகும்போதுதான் கணக்கில் மிச்சம் இல்லை என்று தெரியவரும்.

மூன்றாவது, பெண்கள் திருமணத்துக்காக வேலையை விட்டால் பணத்தை எடுக்கலாம். அந்தப் பணத்தில் காணி வாங்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. எடுத்த அன்றோடு அதுவரை வளர்ந்த கணக்கு முடிந்தது. பிறகு மலைக்குத் திரும்பினால் ஒன்றில் இருந்து தொடங்க வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது?

சங்கத்தின் யோசனை இது. குடியிருக்கும் வீடு வேறு, இலாபத்துக்கு வாங்கும் காணி வேறு. லயம் நிற்கும் நிலம் நமக்குச் சொந்தம் இல்லை. அது அரசின் நிலம், கம்பனியின் குத்தகை. ஆகவே உறுதியோடு ஒரு வீடு என்பது நமக்கு முதலீடு அல்ல, அத்திவாரம். அதற்காகக் கடன் எடுப்பதில் தவறில்லை. நிலையான வட்டிக்கு, பன்னிரண்டு பேர் கிடைக்கும் மாதத்திலும் கட்டக்கூடிய தவணைக்கு, பக்கத்து வீட்டாரைப் பிணைக்கு இழுக்காமல் எடுங்கள். இரண்டாவது காணி, வாடகை அறை எல்லாம் கடன் இல்லாத பணத்தில் மட்டும். வெளிநாட்டுப் பணமோ பிள்ளைகள் அனுப்பும் பணமோ இருந்தால், முதலில் இருக்கும் வட்டிக் கடனை அடையுங்கள். 24 வீதக் கடனை அடைப்பதைப் போல இலாபம் தரும் காணி எந்த டவுனிலும் நிச்சயமாகக் கிடைக்காது.

காணி வாங்கும் எவரும் நோட்டீசை நம்பி முற்பணம் கொடுக்க வேண்டாம். உறுதியைக் காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டுக்குத் தேடிப் பார்க்கச் சொல்லி நொத்தாரிசிடம் கேளுங்கள். அனுமதிப்பத்திரக் காணியா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். அந்தக் காணியை நினைத்தபடி விற்க முடியாது. மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் மலையில் கட்டத் தொடங்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தயில் லயங்களின் மேல் மலை சரிந்ததை நாம் மறக்க முடியாது. உறுதி எழுதும்போது பெண்ணின் பெயரும் அதில் இருக்க வேண்டும். கடன் படிவத்தில் கையெழுத்துப் போடுவதும், கொழுந்து எடுத்துத் தவணை கட்டுவதும் அவர்தான்.

ஈ.பி.எப். பக்கத்தில் இன்னும் பெரிய வேலை இருக்கிறது. பிடித்த பணம் நிதியத்துக்குப் போய்ச் சேராத தோட்டங்கள் உண்டு. ஒரு மாதப் பணத்தை அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் கேட்பதற்கு ஆள் வேண்டும். பணிக்கொடையை வேலை விட்ட 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதற்கும் கேட்பதற்கு ஆள் வேண்டும். அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், ஈ.பி.எப்.பில் இன்னொரு பெயர் என்று இருந்தால், ஐம்பது வயதில் மாதக் கணக்கில் அலைய வேண்டி வரும். அதை இப்போதே தொழில் அலுவலகத்தில் திருத்தலாம். நாம் இல்லாத காலத்தில் பணம் யாருக்கு என்று நியமித்த பெயரையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் போட்ட பெயரே பலருக்கு இன்னும் இருக்கிறது. ஈ.டி.எப்.பில் மரண உதவியும், புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைகளுக்கான உதவியும் உண்டு. விண்ணப்பிக்காதவருக்கு அது வராது.

ஒரு குடும்பம் தனியாகக் கடன் எடுத்துக் காணி வாங்கி வெளியே போகலாம். சில குடும்பங்கள் போயிருக்கின்றன, அவர்களை வாழ்த்துகிறோம். ஆனால் ஒரு டிவிஷனில் உள்ள எல்லாக் குடும்பமும் அப்படிப் போக முடியாது. எல்லோருக்கும் உறுதியோடு வீட்டுக் காணி என்பது வங்கிக் கவுண்டரில் கிடைக்கும் விஷயம் இல்லை. அது நாம் கேட்டு வாங்க வேண்டிய உரிமை. அந்தக் காணி கைக்கு வந்தால், கடனுக்குப் போகும் பெரிய தொகை மிச்சப்படும். ஈ.பி.எப். முழுசாக முதுமைக்கு இருக்கும். அப்போது ஐம்பது, ஐம்பத்தைந்து வயதில் கூடையை வைப்பதா, இன்னும் இரண்டு வருஷம் போவதா என்று தீர்மானிப்பவர் நாமாக இருப்போம்.

அடுத்த வகுப்புக்கு வரும் முன் ஒவ்வொரு தலைவரும் தலைவியும் தங்கள் டிவிஷனில் பத்து வீட்டுக்குப் போய்வர வேண்டும். ஈ.பி.எப். இலக்கம், அடையாள அட்டைப் பெயர், செக்ரோல் பெயர், கடைசியாக வந்த மீதிக் கூற்று, நியமித்தவர் பெயர் ஆகிய ஐந்தையும் ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். யாராவது காணிக்கு முற்பணம் கொடுக்கத் தயாராக இருந்தால், கொடுக்கும் முன் அந்தக் கடதாசிகளையும் கொண்டு வரச் சொல்லுங்கள். உட்கார்ந்து சேர்ந்தே பார்ப்போம்.